விசிறி எந்தப் பக்கம் கனக்கிறது?

"இந்தக் கணக்கெல்லாம் எனக்கு எதுக்கு, மேடம்?"

கேட்டவர் அருளப்பன், சர்க்கரை ஆலை ஃபோர்மேன். டிப்ளமோ முடித்துப் பல வருடம் வேலை பார்த்த பிறகு, பல்கலைக்கழகத்தின் மாலை வகுப்பில் இயந்திரப் பொறியியல் சேர்ந்திருந்தார்.

நஸ்ரின் மேடம் பலகையை அழித்துக்கொண்டிருந்தார். அருளப்பனைவிடப் பத்து வயது இளையவர்.

"படிப்பை நிறுத்திடலாம்னு இருக்கேன்" என்றார் அருளப்பன். "ரெண்டு தடவை பெயிலாயிட்டேன். ஆலையில பாய்லர் ஃபேன் ஒரு வாரமா ஆடுது. நான் அங்க இருக்கணும். இங்க உட்கார்ந்து வட்டமும் கோணமும் போட்டுக்கிட்டிருக்கேன்."

"எப்படி ஆடுது?"

"கூடு மேல கையை வச்சாலே தெரியும்."

"கை என்ன சொல்லுது?"

"ஒரு பக்கம் கனம் கூடிப்போச்சுன்னு சொல்லுது."

"எந்தப் பக்கம்?"

அருளப்பன் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்.

"நாளைக்கு ஆலைக்கு வர்றேன்" என்றார் மேடம்.

மறுநாள் ஆலை வாசலிலிருந்து சாலை முனைவரை கரும்பு டிராக்டர்கள் நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது. ஒரு விவசாயி அருளப்பனின் பைக்கை மறித்தார்.

"எப்பங்க ஓடும்?"

"பார்த்துக்கிட்டிருக்கோம்."

"நீங்க பார்க்கப் பார்க்க எடை குறையுதுங்க."

அந்த விசிறி ஆள் உயரத்துக்கு மேல் இருந்தது. பாய்லரின் புகையை இழுத்துப் புகைபோக்கிக்கு அனுப்புவது அதன் வேலை. சாம்பல் பட்டுத் தேய்ந்த இறக்கைகளுக்குத் தகடு வைத்து ஒட்டியிருந்தார்கள். அன்றிலிருந்து ஆட்டம். விசிறி ஓடாமல் பாய்லர் எரியாது. பாய்லர் எரியாமல் ஆலை இல்லை.

மேடம் வந்தபோது மேலாளர் கோபாலரத்தினம் விசிறியருகே காத்திருந்தார்.

"இன்னைக்கு முடியலைன்னா கரும்பை வேற ஆலைக்குத் திருப்பி விட்டுடுவேன் மேடம். பேரிங் தாங்காது."

"நாலு தடவை ஓட்டிப் பார்க்கணும்" என்றார் மேடம். "அஞ்சாவது தடவை சரியா ஓடணும்."

முதலில் விசிறியை அப்படியே ஓட்டினார்கள். அதிர்வு மீட்டர் காட்டியதை அருளப்பன் எழுதிக்கொண்டார். விசிறி சுற்றி ஓய அரை மணி நேரம் ஆனது.

மேடம் ஒரு சிறு இரும்புத் துண்டை அவர் கையில் கொடுத்தார்.

"இதை விளிம்புல மாட்டுங்க."

"எந்த இடத்துல?"

"எங்க வேணும்னாலும்."

"தப்பான இடமா இருந்தா?"

"அளந்து எழுதுங்க."

மாட்டினார். ஓட்டினார்கள். ஆட்டம் கொஞ்சம் குறைந்தது.

"இப்ப அதைக் கழட்டி, சுற்றுல மூணுல ஒரு பங்கு தள்ளி மாட்டுங்க."

"குறைஞ்சிருக்கே மேடம். இங்கேயே இன்னும் கொஞ்சம் எடை போட்டா என்ன?"

"தள்ளி மாட்டுங்க."

இந்தத் தடவை விசிறி பேயாக ஆடியது. கூரைத் தகடுகள் கடகடத்தன. பாய்லர் ஆட்கள் வெளியே ஓடினார்கள். கோபாலரத்தினம் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

மேடம் நகரவில்லை. "எழுதிட்டீங்களா?"

"எழுதிட்டேன்."

"நிறுத்துங்க."

விசிறி ஓய்ந்துகொண்டிருந்தது. அருளப்பன் தான் எழுதிய எண்ணைப் பார்த்தார். ஒரு வாரமாக அவரும் இதையேதான் செய்திருந்தார். ஓர் இடத்தில் எடை வைத்தார். ஆட்டம் கூடினால் துண்டைப் பிடுங்கி எறிந்தார். எவ்வளவு கூடியது என்று ஒரு தடவைகூட எழுதி வைக்கவில்லை.

மூன்றாவது இடத்திலும் மாட்டி ஓட்டினார்கள். மேடம் மேசைமேல் ஒரு பெரிய தாளை விரித்தார். பையிலிருந்து கவராயத்தை எடுத்து அவரிடம் நீட்டினார்.

"நானா?"

"உங்க ஃபேன்."

முதல் தடவை கிடைத்த அளவுக்கு அருளப்பன் ஒரு வட்டம் போட்டார். எடை மாட்டிய மூன்று இடங்களையும் அந்த வட்டத்தின்மேல் குறித்தார். பிறகு, ஒவ்வொரு இடத்திலும் கவராயத்தின் முள்ளை ஊன்றி, அங்கே எடை இருந்தபோது கிடைத்த அதிர்வின் அளவுக்கு ஒவ்வொரு வட்டமாகப் போட ஆரம்பித்தார்.

எடை வைத்த முதல் இடத்தின் வட்டமும் இரண்டாவது இடத்தின் வட்டமும் இரண்டு புள்ளிகளில் வெட்டிக்கொண்டன.

"இதுல எது மேடம்?"

"மூணாவதைப் போடுங்க."

பென்சில் மெல்ல வளைந்து வந்தது. ஒரு புள்ளியை விட்டு எட்டவே போயிற்று. அடுத்த புள்ளியின் மேலேயே ஏறிப் போயிற்று. நடுவில் எள்ளளவு இடைவெளிகூட இல்லை.

அருளப்பன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு அந்தப் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார். இருட்டுக் கூட்டுக்குள், யாரும் எட்டிப் பார்க்க முடியாத வேகத்தில் சுற்றியதன் குறை, தாளில் அவர் விரலடியில் கிடந்தது.

நடு மையத்திலிருந்து அந்தப் புள்ளிக்குக் கோடு இழுத்தார். எடை வைக்க வேண்டிய திசை அந்தக் கோட்டில் இருந்தது. கோட்டின் நீளத்தை வைத்து எவ்வளவு எடை என்று கணக்குப் போட்டார்.

"சரி பாருங்க, மேடம்."

மேடம் தாளைத் தொடவில்லை.

"நான் பார்த்தா அது என் புள்ளி ஆயிடும்."

"தப்பா இருந்தா பேரிங் போயிடும். கரும்பு போயிடும்."

"ஆமா."

மேடம் வெளியே போனார். டிராக்டர் வரிசைக்கு நடந்து, அந்த விவசாயி ஒடித்துக் கொடுத்த கரும்பை வாங்கிக்கொண்டு நிழலில் உட்கார்ந்தார்.

அருளப்பன் கணக்கை மறுபடி போட்டார். அதே விடை வந்தது. இன்னொரு தடவையும் போட்டார். பிறகு இரும்பை வெட்டி, எடை பார்த்து, தானே வெல்டு வைத்தார். வேறு யாரையும் விடவில்லை.

சுவிட்சைப் போட்டார்.

சிறிது நேரம் கழித்து பாய்லர் ஆப்பரேட்டர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னும் எவ்வளவு நேரம்ணே? போடுங்க சுவிட்சை."

"போட்டு ரெண்டு நிமிஷம் ஆச்சு" என்றார் அருளப்பன்.

மேலாளர் மீட்டரைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அருளப்பனின் தோளைத் தட்டினார். புகைபோக்கியில் புகை ஏறியது. முதல் டிராக்டர் உள்ளே நகர்ந்தது.

மேடத்தைக் கொண்டுபோய் விட ஜீப் வந்தது. ஆட்கள் சுற்றி நின்று நன்றி சொன்னார்கள். மேடம் தலையசைத்துவிட்டு ஏறப்போனார்.

அருளப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். கையில் அந்தத் தாள். நன்றி சொல்ல வந்த முகமாக அது இல்லை.

"மேடம், இந்த மூணு வட்டமும் ஒரே புள்ளியில வந்து ஏன் சேரணும்?"

நஸ்ரின் மேடம் படியில் வைத்த காலைக் கீழே எடுத்தார்.

"வண்டி கொஞ்சம் நிக்கட்டும்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, தரையில் உட்கார்ந்து தாளை வாங்கி விரித்தார்.