ஐந்தாவது சீட்டுக்கு ஆறு என்று பேர்

கொக்காடியில் புத்திசாலிகளே கிடையாது என்று சிலர் சொல்வார்கள். அது பொய். நிறையப் பேர் இருந்தார்கள். ஊருக்கு முதல் பஸ் வந்த அன்றே ஏறிப் போய்விட்டார்கள். ஏறி உட்கார்ந்த பிறகு, "இது திருநெல்வேலி போகும்" என்று கண்டக்டர் சொன்னதும், "அங்க நமக்கு யாரைத் தெரியும்?" என்று இறங்கிவிட்டவர்கள் நாலு பேர். அந்த நாலு பேரும் சேர்ந்து நடத்தியதுதான் கொக்காடி மனமகிழ் மன்றம்.

ஆவுடையப்பன் அதன் செயலாளர். நாலு பேரில் அவரிடம்தான் பேனா இருந்தது. மற்றவர்களில் தளவாய் என்பவர், ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டிருந்த சைக்கிளிலிருந்து விழுந்து வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார். சுயம்பு கடைப் பலகை எழுதுகிற பெயிண்டர். கொம்பையாவுக்கு மீசைதான் உத்தியோகம்.

மன்றத்தில் ஆடத் தெரிந்த சீட்டாட்டம் ஒன்றே ஒன்று: கழுதை. ஏழு வருஷம் ஆடியும் யார் கழுதை என்று முடிவாகவில்லை. ஒவ்வொரு முறையும், "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது" என்று ஆவுடையப்பன் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மன்றம் இருந்த கட்டடத்துக்குச் சொந்தக்காரர், சவரிமுத்து அண்ணாச்சி, ஊர் திரும்பினார். முப்பது வருஷம் கப்பலில் சமையல்காரராக இருந்தவர். கப்பலில் சோறு பொங்கிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் போக்கர் ஆடியவர். கொக்காடியில் போக்கர் ஆட ஆளில்லாமல் ஒரு மாதம் தவித்துப் பார்த்துவிட்டு, ஒருநாள் மன்றத்துக்கு வந்தார்.

"இந்த இடத்தை மெத்தைக் கடைக்காரன் கேக்கான். குடுத்துரலாம்னு இருக்கேன்" என்றார்.

ஆவுடையப்பன் தீர்மானப் புத்தகத்தை மூடிவைத்தார். மன்றம் போனால் அவர் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் அவருக்கு எந்தப் பதவியும் கிடையாது.

"அண்ணாச்சி, வேற வழியே இல்லியா?"

"ஒண்ணு இருக்கு. போக்கர் கத்துக்கிடுங்க. ஒரே ஒரு ஆட்டத்துல என்னை ஜெயிச்சிட்டீங்கன்னா, நீங்க இருக்கவரைக்கும் இடம் உங்களுக்கு. கப்பல்ல முப்பது வருஷம் என்னை ஒருத்தன் ஜெயிச்சதில்ல, அதையும் சொல்லிருதேன்."

அன்று மத்தியானமே பாடம் தொடங்கியது. போக்கரில் பல வகை உண்டு என்று அண்ணாச்சி விளக்கினார். "மொதல்ல லேசானது. ஃபைவ் கார்டு டிரா. அஞ்சு கார்டு குடுப்பேன். வேணாததைக் கீழ போட்டுட்டு டிரா பண்ணணும். நான் டீ குடிச்சிட்டு வாரேன், பழகி வைங்க."

அவர் திரும்பி வந்தபோது சுயம்பு சுவரில் ஐந்து சீட்டை வரைந்து முடித்து, ஆறாவது டப்பா பெயிண்டைத் திறந்துகொண்டிருந்தார். ராணிக்கு மூக்குத்திகூட இருந்தது.

"டிரா பண்ணச் சொன்னீங்களே அண்ணாச்சி."

அண்ணாச்சி கொஞ்ச நேரம் அந்த மூக்குத்தியைப் பார்த்தார். பிறகு, "சரி, இது வேண்டாம். ஓமாஹான்னு ஒண்ணு இருக்கு" என்றார். உடனே கொம்பையா சம்மணம் போட்டு, கண்ணை மூடி, "ஓம் ஆகா, ஓம் ஆகா" என்று ஆரம்பித்துவிட்டார். நூற்றெட்டு முடிகிறவரை அவரை எழுப்ப முடியவில்லை. எழுந்ததும், மனசு லேசாக இருப்பதாகச் சொன்னார்.

அண்ணாச்சிக்கு மறுநாள் தூத்துக்குடியில் கண் ஆபரேஷன். திரும்பி வர ஒரு வாரமாகும். வாயால் சொல்லிப் புண்ணியமில்லை என்று, டெக்சாஸ் ஹோல்டெம் என்கிற ஒரே வகைக்கு மட்டும் விதிகளை முடிந்தவரை நல்ல தமிழில் ஒரு தாளில் எழுதி ஆவுடையப்பனிடம் கொடுத்தார். "இதுல உள்ளபடி அப்படியே ஆடுங்க. ஒரு எழுத்து மாறப்படாது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினார்.

அவர் சொல்லியிருக்கவே வேண்டாம். ஒரு எழுத்தை மாற்றுகிற அளவுக்கு அந்த நாலு பேரில் யாரும் கெட்டவர்கள் இல்லை.

ஆவுடையப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு படித்தார். "சீட்டுப் போடுகிறவருக்கு இடப்பக்கம் இருப்பவர் சின்ன பிளைண்டு. அவருக்கு அடுத்தவர் பெரிய பிளைண்டு."

"பிளைண்டுன்னா கண்ணு தெரியாததுவே" என்றார் சுயம்பு. பலகை எழுதுகிறவர் என்பதால் இங்கிலீஷில் அவர் சொன்னதுதான் சட்டம். சின்ன பிளைண்டான சுயம்பு ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டார். பெரிய பிளைண்டான கொம்பையாவுக்குத் துண்டால் இரண்டு கண்ணையும் கட்டினார்கள்.

அடுத்த விதி: "கை நன்றாக இருந்தால் உயர்த்து. மோசமாக இருந்தால் மடக்கு. சுமார் என்றால் கால்."

எல்லோரும் அவரவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்; கண் கட்டிய கொம்பையாவின் கையை மற்றவர்கள் பார்த்தார்கள். தளவாய்க்குக் கட்டுப் போட்ட கை, யோசிக்காமல் மடக்கிவிட்டார். சுயம்பின் கையெல்லாம் பெயிண்ட். சுமார்தான் என்று மன்றம் முடிவு செய்ய, அவர் காலைத் தூக்கி மேசைமேல் வைத்தார். அண்ணாச்சி எழுதிய கை வந்திருக்கிற சீட்டு, கால் பந்தயத்துக்குச் சமமாக வைக்கிற இங்கிலீஷ் கால். கொம்பையாவுக்கும் ஆவுடையப்பனுக்கும் கை நன்றாகவே இருந்தது. இருவரும் இரண்டு கைகளையும் உயர்த்திக்கொண்டு, சீட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"கஷ்டமான ஆட்டமா இருக்கே" என்றார் கொம்பையா. சீட்டு கீழே விழுந்தது.

"கப்பல்ல ஆடுறதுவே. லேசாவா இருக்கும்?" என்றார் ஆவுடையப்பன். அவருடைய சீட்டும் விழுந்தது.

"ஒரு சீட்டை எரித்துவிட்டு மூன்று சீட்டை மலர்த்து. இன்னொன்றை எரித்துவிட்டு நாலாவதை மலர்த்து. மேலும் ஒன்றை எரித்துவிட்டு ஐந்தாவது." அண்ணாச்சி எழுதியது சீட்டை ஒதுக்கி வைக்கிறதைப் பற்றித்தான். மன்றத்தில் தீப்பெட்டி இருந்தது. எரித்தார்கள். பிளாஸ்டிக் பூசின சீட்டானதால் நாற்றம் தெருக்கோடிவரை போனது.

தகராறு வந்தது ஐந்தாவது சீட்டில்தான். தாளில் இப்படி இருந்தது: "ஐந்தாவது சீட்டுக்கு ஆறு என்று பேர். அதோடு முடிந்தது."

"அஞ்சாவதுக்கு எப்படிவே ஆறுன்னு பேரு?" என்றார் சுயம்பு.

"ஏன், எங்க மச்சான் அஞ்சாவது பிள்ளைதான். அவன் பேரு ஆறுமுகம்" என்றார் தளவாய்.

"அப்ப ஆறாவது சீட்டை என்ன சொல்லிக் கூப்பிடுறது?"

"ஆறாவதுதான் கெடையாதே. பேரு சும்மா கெடக்கேன்னு அஞ்சாவது எடுத்துக்கிட்டு."

இது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஆவுடையப்பனுக்கு மனசு ஒப்பவில்லை. செயலாளராயிற்றே. மோட்டுவளையைப் பார்த்தபடி வெகுநேரம் யோசித்தார். திடீரென்று எழுந்து நின்றார்.

"நம்பர் இல்லவே அது! ஓடுற ஆறு! அஞ்சாவது சீட்டை ஆத்துல விடணும். அதோட முடிஞ்சதுன்னு எழுதியிருக்காரா இல்லியா?"

ரிவர் என்கிற சீட்டுப் பேரைத்தான் அண்ணாச்சி தமிழாக்கியிருந்தார். மூன்று பேரும் அவரை அண்ணாந்து பார்த்தார்கள். இந்த மூளை அன்றைக்குப் பஸ்ஸில் போயிருந்தால் கொக்காடியின் கதி என்ன ஆகியிருக்கும் என்று தளவாய்க்குக் கண் கலங்கியது.

ஆறு ஊருக்குக் கிழக்கே ஒரு மைல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாலு பேரும் வரிசையாக நடந்து போய் ஐந்தாவது சீட்டைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்தார்கள். கொம்பையாவைத் துண்டு கட்டியபடியே கைபிடித்துக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. கீழ்க்கரையில் மாடு குளிப்பாட்டுகிற ஒருவர், ஒரே வாரத்தில் தனக்கு இரண்டு ராணி கிடைத்ததாக ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

கடைசி விதிதான் கொம்பையாவைப் பதம் பார்த்தது. "முகத்தில் எதுவும் தெரியக் கூடாது." நாலு பேர் முகத்தையும் ஆராய்ந்ததில், தெரிகிற மாதிரி இருந்தது கொம்பையாவின் மீசை மட்டும்தான். மன்றத்துக்காக அதை எடுத்தார். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் அவர் மனைவி கதவைத் திறந்து பார்த்து, "அவுக இல்ல, வெளிய போயிருக்காக" என்று சாத்திவிட்டாள். சரி, வரட்டும் என்று கொம்பையா வாசலில் அரை மணி நேரம் தனக்காகக் காத்திருந்துவிட்டு மன்றத்துக்கே திரும்பினார்.

வாரக் கடைசியில் ஒன்பது ஆட்டம் ஆகியிருந்தது. ஆட்டத்துக்கு மூன்று நெருப்பில், ஒன்று தண்ணீரில். சீட்டுக்கட்டில் பதினாறு மீதி. ஆவுடையப்பன் எண்ணிப் பார்த்துப் பூரித்தார்.

"இம்புட்டையும் படிச்சு முடிச்சாச்சு. பாக்கி பதினாறுதான்!"

அண்ணாச்சி வந்தார். ஆபரேஷன் ஆன கண்ணில் வெள்ளைக் கட்டு. அதைப் பார்த்ததும் ஆவுடையப்பன் சுயம்பை ஓரமாக இழுத்தார். "பாத்தியா, சின்ன பிளைண்டாவே வந்து இறங்கியிருக்காரு. ஆடிப் பழகின மனுசன்" என்று காதில் சொன்னார்.

மிச்சமிருந்த பதினாறை அண்ணாச்சி ஓரமாகத் தள்ளினார். அவர் சொந்தச் சீட்டுக்கட்டு கொண்டுவந்திருந்தார். பந்தயம் கட்ட ஆளுக்கு இருபது புளியங்கொட்டையும் இரண்டு சீட்டும் கொடுத்து நிமிர்ந்தால், எதிரே ஒருவருக்குக் கண் கட்டியிருந்தது, இருவர் கை தூக்கியிருந்தார்கள், மேசைமேல் ஒரு கால் இருந்தது.

"என்னவே இது?"

"கை நல்லா இருக்கு அண்ணாச்சி" என்றார் ஆவுடையப்பன், சீட்டைக் கடித்தபடி.

மெத்தைக் கடைக்காரன் எவ்வளவோ தேவலை என்று அண்ணாச்சிக்குத் தோன்றியது. சீக்கிரம் முடிக்கலாம் என்று ஒரு சீட்டை ஒதுக்கினார். தளவாய் தீக்குச்சியைக் கிழித்தார். அண்ணாச்சி ஊதி அணைத்தார். மறுபடி கிழித்தார். மறுபடி ஊதினார். மூன்று சீட்டை மலர்த்தியதில் அண்ணாச்சிக்கு மூன்று ராஜா சேர்ந்துவிட்டது. முகம் மலரப் பார்த்ததை அடக்கிக்கொண்டு, தன் கொட்டை அத்தனையையும் நடுவில் தள்ளினார்.

"ஆல் இன்! எல்லாம் உள்ள!"

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சீட்டோடு எழுந்தார்கள். வரிசையாக நடந்து சாமான் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்கள்.

"எல்லாரும் உள்ள வந்துட்டோம் அண்ணாச்சி!" என்று உள்ளிருந்து ஆவுடையப்பனின் குரல் கேட்டது.

அண்ணாச்சி கத்தினார், கதவைத் தட்டினார். மழையில் ஊதிப்போன கதவு. உள்ளேயிருந்து இழுத்தும் வரவில்லை, வெளியேயிருந்து தள்ளியும் போகவில்லை. கடைசியில் தொடங்கின ஆட்டத்தை விட மனசில்லாமல், மீதிச் சீட்டைத் தானே மலர்த்திவிட்டு, "சரி, கையைக் காட்டுங்கவே!" என்றார். கதவிடுக்கில் நாலு உள்ளங்கை தெரிந்தது. "சீட்டை!" என்று அலறினார். சீட்டுகள் கதவுக்கடியில் வெளியே வந்தன.

ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு சேர்ந்தால் மூன்று ராஜாவை அடித்துவிடும். மேசையில் சிவப்பு இதயம் போட்ட ஆட்டின் சீட்டு மூன்று கிடந்தது. கண் கட்டியிருந்த கொம்பையா, ஒரு தடவைகூடப் பார்க்காமல் வைத்திருந்த இரண்டு சீட்டும் ஆட்டின்.

அண்ணாச்சி இரண்டு தடவை எண்ணினார். கண் கட்டைத் தூக்கிவிட்டு மூன்றாவது தடவையும் எண்ணினார். முப்பது வருஷம் தோற்காதவர். ஆனால் ஒரு நாளும் வாக்குத் தவறாதவர். வாசல் சாவியைக் கதவுக்கடியில் உள்ளே தள்ளினார். "ஜெயிச்சிட்டீங்க. இடம் உங்களுக்கு. என்னை விட்டுருங்க" என்று சொல்லிவிட்டு வெளியேறினார். போகிற போக்கில் வாசல் கதவை இழுத்துச் சாத்தி, அமுக்கினால் பூட்டிக்கொள்கிற பூட்டைப் பழக்கதோஷத்தில் அமுக்கிவிட்டும் போனார்.

உள்ளே ஆவுடையப்பன் ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, சாவியைப் பத்திரமாக அலமாரியில் வைத்தார். பிறகு அவசரக் கூட்டம் கூடியது. அறையில் ஒரு கடப்பாரை இருந்தது.

"கதவை ஒடச்சிருவோம்" என்றார் சுயம்பு.

"கதவை ஒடச்சிட்டா, அப்புறம் எதைத் தொறந்து வெளிய போறது?" என்றார் தளவாய்.

மறுக்க முடியாத கேள்வி. எனவே பின்சுவரை இடித்தார்கள். மாட்டு வண்டி போகிற அளவுக்கு வழி வந்தது. வெற்றிக் களிப்போடு நாலு பேரும் வெளியே வந்து, கட்டடத்தைச் சுற்றி முன்பக்கம் போனால், வாசல் பூட்டிக் கிடந்தது. சாவி உள்ளே அலமாரியில்.

பக்கத்து ஊரிலிருந்து பூட்டுத் திறக்கிறவரை வரவழைத்தார்கள். அவர் பூட்டைப் பார்த்தார். அப்படியே கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பி வந்தார்.

"ஏங்க, பின்னாடி அம்புட்டுப் பெரிய ஓட்டை இருக்கே. அது வழியாப் போய்ச் சாவியை எடுத்துட்டு வந்தா என்ன?"

ஆவுடையப்பன் அந்த ஆளை இரக்கத்தோடு பார்த்தார்.

"அது வெளிய வர்ற வழிவே. நாங்க உள்ளல்லா போகணும்?"