கடைசி வரிசைக் கேள்வி

முனைவர் பட்டத்துக்கான ஆய்வேட்டை எழுதிக் கொடுப்பதோடு வேலை முடிந்துவிடாது. வாய்மொழித் தேர்வு என்று ஒன்று இருக்கிறது. வெளியூரிலிருந்து தேர்வாளர் வருவார். அரங்கின் கதவைத் திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்பது விதி.

விதி அப்படி. வழக்கம் வேறு. எங்கள் பல்கலைக்கழகத்தில் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அரங்கம் ஊமையாக இருந்தால் நன்றாயிருக்காது என்று ஆய்வாளரே கேள்விகளை எழுதி, துண்டுச் சீட்டில் நண்பர்களுக்குக் கொடுத்துவைப்பார். அவர்கள் எழுந்து, அப்போதுதான் தோன்றியதுபோல நெற்றியைத் தடவிக்கொண்டு கேட்பார்கள். ஆய்வாளர் "நல்ல கேள்வி" என்பார். தான் எழுதிய கேள்வியைத் தானே மெச்சிக்கொள்ளத் தனித் தைரியம் வேண்டும். அது இங்கே எல்லோருக்கும் இருந்தது.

சங்கரபாண்டியனும் சீட்டு எழுதிவிட்டார்.

அவர் தாமிரபரணிக் கரையில் ஒரு மேல்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். பகுதிநேர ஆய்வாளர். பெண்பிள்ளைகள் பாதியில் படிப்பை நிறுத்துவது ஏன் என்பது அவருடைய ஆய்வு. வருகிற மே மாதம் ஓய்வு பெறுகிறார். ஓய்வு விழா அழைப்பிதழில் பெயருக்கு முன்னால் 'முனைவர்' என்று போட வேண்டும். அதற்காகத்தான் இத்தனை வருஷம் சனி ஞாயிறு பார்க்காமல் பஸ்ஸில் அலைந்தார்.

அவருடைய நெறியாளர் பேராசிரியர் சலோமி. அவரைவிடப் பத்து வயது இளையவர். அதிகம் பேசமாட்டார்.

தேர்வுக்கு முந்தின நாள் காலை சங்கரபாண்டியன் சலோமியின் அறைக்குள் வந்தார். மூச்சு வாங்கியது. மாடி ஏறியதால் அல்ல.

"மேடம், அந்த இசக்கி நாளைக்கு வரக்கூடாது."

இசக்கி துறையில் புதிதாகச் சேர்ந்த ஆய்வு மாணவி. கூடச் சேர்ந்தவர்களைவிட நாலைந்து வயது மூத்தவள். துறையில் கூட்டம் என்றால் நாற்காலி போடுவதும் டீ கொடுப்பதும் புதிதாகச் சேர்ந்தவர்கள் வேலை. டீ கொடுக்கலாம். வாய் திறக்கக் கூடாது. இதற்கு விதிமுறைப் புத்தகத்தில் இடமில்லை. ஆனாலும் எல்லோருக்கும் மனப்பாடம்.

"ஏன் சார்?" என்றார் சலோமி.

"போன கருத்தரங்குல எந்திச்சு நின்னு என்னமோ கேட்டா. இப்ப நூலகத்துல என் ஆய்வேட்டை எடுத்து வச்சுப் படிக்காளாம். நாளைக்குத் தேர்வாளர் முன்னால கேக்கப் போறேன்னு சொல்லுதாளாம்."

"என்ன கேட்டா?"

"மரியாதை இல்லாமக் கேட்டா."

"மரியாதை இல்லாம என்ன கேட்டா?"

"என் மக வயசு மேடம் அவளுக்கு. முப்பது வருஷமா நான் கேப்பேன், எதிர்ல நிக்கவன் பதில் சொல்லுவான். இப்ப இந்தப் பிள்ளை என்னை நிக்க வச்சுக் கேக்குமாம். எங்கயாவது உண்டுமா?"

சலோமி மூன்றாவது தடவை கேட்கவில்லை. அந்தக் கருத்தரங்கில் அவரும் இருந்தார்.

"துறைத்தலைவர்கிட்டப் பேசிட்டேன். விடைத்தாள் கட்டு ஒண்ணைக் குடுத்து அவளை நாகர்கோவிலுக்கு அனுப்பிருதேன்னுட்டாரு. நீங்களும் சரின்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

அழைப்பிதழில் 'பொது வாய்மொழித் தேர்வு, அனைவரும் வருக' என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தார்கள். அந்த அனைவரிலும் ஒருத்திதான் கேட்கப் போகிறாள். அவளை ஊரைவிட்டு அனுப்ப விடைத்தாள் கட்டும் தயார்.

சலோமி சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

"சாயந்திரம் ஒத்திகை பாத்துருவோம் சார்," என்றார்.

ஒத்திகை கருத்தரங்கக் கூடத்திலேயே நடந்தது. சங்கரபாண்டியன் கணீரென்று பேசினார். சீட்டு வாங்கிய நண்பர்கள் ஒவ்வொருவராக எழுந்தார்கள். ஒருவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, சீட்டைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்துப் படித்தார். இன்னொருவர் பக்கத்துக்காரரின் கேள்வியைக் கேட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் பதில் தண்ணீர்பட்ட பாடாக வந்தது.

"நாளைக்குக் கண்ணாடியைக் கொண்டாரும்," என்று நண்பரிடம் சொன்னார் சங்கரபாண்டியன். நண்பர்கள் வடை தின்னப் போனார்கள்.

"எப்படி மேடம்?"

"நல்லா இருந்துச்சு சார். இப்ப இடம் மாத்திக்குவோம். நீங்க அங்க போய் உக்காருங்க."

"எங்க?"

"கடைசி வரிசைல. நான் மேடையில நிக்கேன். நான்தான் சங்கரபாண்டியன்."

"நீங்க எதுக்கு மேடம் நிக்கணும்?"

"ஆய்வேட்டுல என் கையெழுத்தும் இருக்குல்லா. கேளுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய் உட்கார்ந்தார். முதலில் விளையாட்டாகத்தான் கேட்டார். ஆய்வுப் பரப்பு என்ன, கருதுகோள் என்ன என்று. சலோமி படிக்காமல் வந்த மாணவன் மாதிரி சுற்றி வளைத்துச் சொன்னார். கேட்கக் கேட்கச் சங்கரபாண்டியனின் சிரிப்பு குறைந்தது.

"சரி, பெண்பிள்ளைங்க ஏன் படிப்பை நிறுத்துதாங்க?"

"படிப்பில் ஆர்வமின்மை. நாலாம் அத்தியாயத்துல இருக்கு."

"ஆர்வம் இல்லேன்னு யாரு சொன்னா?"

"தலைமையாசிரியர்கள்."

"அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. பள்ளிக்கூடத்து மேல பழி வரக்கூடாதுல்லா. வேற யாரு?"

"தகப்பன்மார்."

"கட்டிக் குடுக்க அவசரப்படுதவங்க வேற என்ன சொல்லுவாங்க? வேற?"

"வட்டாரக் கல்வி அலுவலர்."

முப்பது வருஷமாக மழுப்புகிற பையன்களைப் பிடித்தவர் அவர். ஒருவன் மழுப்ப ஆரம்பித்தால் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார். தன்னை அறியாமல் எழுந்து நின்றார்.

"அதெல்லாம் இருக்கட்டும். பாதியில நின்ன பிள்ளைங்ககிட்டக் கேட்டீங்களா, இல்லையா?"

சலோமி மேசையைத் தட்டினார்.

"உக்காரும்மா. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தினவன் நான். யார்கிட்டப் பேசுதோம்னு தெரிஞ்சு பேசு."

சங்கரபாண்டியனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நிஜமான கோபம்.

"கேட்டதுக்குப் பதில் சொல்லாம உக்காருன்னா என்ன மேடம் அர்த்தம்? நான் என்ன தப்பாவா கேட்டேன்?"

சலோமி சொன்ன வார்த்தைகள் போன மாதக் கருத்தரங்கில் இதே மேடையில் நின்று சங்கரபாண்டியன் சொன்னவை. இதே கடைசி வரிசையில் நின்ற இசக்கியைப் பார்த்துத்தான் சொன்னார். அன்றைக்குப் பேராசிரியர்கள் அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவர் மெல்ல உட்கார்ந்தார்.

"மேடம், நாளைக்கு அவ இதைக் கேட்டா, தேர்வாளர் திருத்திக் கொண்டான்னு சொல்லிருவாரு. மே மாசம் தாண்டிரும்."

"தாண்டிரும்."

"கேக்காட்டா?"

"நாளைக்குச் சாயந்திரம் நீங்க முனைவர் சங்கரபாண்டியன்."

"நான் என்ன செய்யட்டும்?"

"எனக்குத் தெரியாது சார். நான் உக்காரச் சொன்னவ. பதில் வேணும்னு நின்னது நீங்க."

சலோமி விசிறியை நிறுத்திவிட்டுப் போனார். சங்கரபாண்டியன் புழுக்கத்தில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு துறைத்தலைவருக்குப் போன் செய்தார்.

"சார், அந்த நாகர்கோவில் கட்டை நானே கொண்டு போய்க் குடுத்துருதேன். தேர்வு முடிஞ்ச பிறகு போறேன். அந்தப் பிள்ளை இங்கயே இருக்கட்டும்."

மறுநாள் அரங்க வாசலில் நின்று நண்பர்களிடம் கொடுத்த சீட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். கண்ணாடிக்காரருக்கு வருத்தம். ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தாராம்.

தேர்வாளர் நல்ல மனிதர். கேட்க வேண்டியதைக் கேட்டார். பிறகு சம்பிரதாயமாக, "அவையில் யாராவது கேட்கலாம்," என்று சொல்லிவிட்டுத் தன் பேனாவை மூடினார்.

கடைசி வரிசையில் இசக்கி டீத் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"ஐயா, படிப்பை நிறுத்தின பிள்ளைங்ககிட்ட நேர்ல கேட்டீங்களா?"

முன்வரிசையிலிருந்து துறைத்தலைவர் திரும்பினார். "உக்காரும்மா, நேரமாச்சு."

"அவங்க நிக்கட்டும் சார்," என்றார் சங்கரபாண்டியன்.

தண்ணீர் குடித்தார்.

"கேக்கலைம்மா. ஒருத்திகிட்டகூடக் கேக்கலை. கேக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை. அன்னைக்கு நீங்க கேட்டதுக்கும் நான் பதில் சொல்லலை. அதுவும் தப்பு."

தேர்வாளர் பேனாவை மறுபடி திறந்தார். நாலாம் அத்தியாயத்தைப் புதிதாக எழுத வேண்டும், அதன்பிறகு மீண்டும் தேர்வு என்று முடிவானது.

பொன்னாடைகள் பிரிக்காத உறையிலேயே இருந்தன. சங்கரபாண்டியன் ஏற்பாடு செய்திருந்த பிரியாணி மட்டும் மிச்சமில்லாமல் தீர்ந்தது. கை கழுவிக்கொண்டு போனவர்கள், "இவருக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்று பேசிக்கொண்டே போனார்கள். சாப்பிட்ட வீட்டுக்காரரைப் பற்றி வாசல் தாண்டும்வரையாவது பொறுத்திருக்கலாம்.

அரங்கம் காலியானது. சங்கரபாண்டியன் சலோமியிடம் வந்தார். அவர் குரலில் மறுபடி சூடு ஏறியிருந்தது.

"உள்ளதைச் சொன்னேன் மேடம். என்ன கிடைச்சுது? அழைப்பிதழ்ல வெறும் சங்கரபாண்டியன். சரி, அது போகட்டும். அந்தப் பிள்ளைங்களை நான் எங்க போய்த் தேட? ஒவ்வொண்ணும் எந்த ஊர்ல வாக்கப்பட்டு இருக்கோ, எந்தத் தீப்பெட்டி ஆபீஸ்ல கிடக்கோ. முன்னப்பின்ன தெரியாத என்கிட்ட வாயத் திறக்குமா? யாருகிட்ட ஆரம்பிக்கன்னாவது சொல்லுங்க."

அரங்கின் கோடியில் இசக்கி நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். சலோமி அவளைப் பார்த்தார்.

"இசக்கி ஒன்பதாம் வகுப்போட நின்னவ சார். கல்யாணமாகி, பிறகு வீட்டுலயே இருந்து தனியாப் பரீட்சை எழுதி வந்தா. ஏன் நின்னான்னு இந்தத் துறையில யாரும் அவகிட்டக் கேக்கலை. நானும் கேக்கலை."