திறப்பு விழாவுக்குக் காத்திராத குஞ்சுகள்

ஈரோட்டுப் பக்கம் ஓர் அரசுப் பள்ளி. அங்கே கயற்கண்ணி டீச்சர் விண்ணப்பம் மேல் விண்ணப்பம் போட்டு, நிதி வாங்கி, பிள்ளைகள் பார்த்துப் படிக்க முட்டை பொரிக்கும் மின்பெட்டி ஒன்றை வைத்தார். திறந்துவைக்க வேண்டிய அதிகாரி இன்று, நாளை என்று இழுத்தடித்து ஒருவழியாக வந்தபோது, வகுப்பெல்லாம் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருந்தன.

மனிதருக்கு வந்ததே கோபம்! "நான் திறக்காம எப்படிம்மா பொரிச்சுது? நான் சுவிட்சைப் போடணும், கேமரா முன்னாடி குஞ்சு வரணும். இல்லேன்னா பெட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவேன்!"

முட்டைக்குள் இருப்பது இவர் உத்தரவுக்கு எழுந்து நிற்கும் குமாஸ்தாவா என்ன? டீச்சர் சிரிக்கவேயில்லை. புது முட்டைகளை அடுக்கி, பக்கத்தில் நாற்காலி போட்டார்.

"போடுங்க சார். சுவிட்சைப் போட்டவங்கதான் கூடவே இருந்து முட்டையைத் திருப்பி வைக்கோணும். இது பசங்க போட்ட சட்டமுங்க. மூணே வாரந்தான். படுக்கப் பாய் இருக்குதுங்க, மத்தியானம் சத்துணவு."

"சார், நானுமா இருக்கோணும்?" என்று அலறினார் அதிகாரியோடு வந்த போட்டோக்காரர்.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சுவிட்சிலிருந்து கையை எடுத்தார். "சரி சரி, பொரிச்ச வரைக்கும் போதும். பெட்டி இங்கேயே இருக்கட்டும்" என்று ஒரு குஞ்சை உள்ளங்கையில் ஏந்தி, கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டினார்.

குஞ்சு குதித்து, டீச்சரின் செருப்புக்குப் பின்னால் ஓடியது. படத்தில் விழுந்தது வெறுங்கையும் பல்லும்தான்.