இரண்டு சொல்லும் ஒரு பட்டுக்குடையும்

முன்னொரு காலத்தில், அரசருக்குப் பொழுது போகாவிட்டால் அரண்மனையில் இருப்பவர்களுக்கு உயிர் போகும் என்றிருந்த காலத்தில், கடலோரமாக ஒரு ராஜ்யம் இருந்தது. அங்கே கூத்தபிரான் என்று ஒரு விகடகவி. பல வருஷம் துறைமுகத்தில் பழகியதால் அவருக்கு அரபு பாஷையும் தெரியும். அதுவே அவருக்கு வினையாகப் போயிற்று.

ஹம்தான் என்ற அரபு வணிகர் நூறு குதிரைகளோடு வந்து இறங்கினார். அவருடைய ஒப்பந்தத்தைக் கூத்தபிரான் தமிழில் எழுதிச் சபையில் படித்தார். பாதியிலேயே தலைமைப் பண்டிதர் ஆலாலசுந்தரர் எழுந்து நின்றார். மொழிபெயர்க்கும் துபாஷி வேலையைத் தம் மைத்துனருக்கு வாங்கித்தர அவர் நெடுநாளாகக் காத்திருந்தவர்.

“பிரபு! மூலத்தில் ‘கியாருல் ஐப்’ என்று இரண்டே சொல். இவர் எழுதியிருப்பதோ பதினைந்து! மீதிப் பதின்மூன்றும் யார் வீட்டுச் சரக்கு?”

கூத்தபிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பிரபு, அது அவர்கள் சட்டத்தில் வழங்கும் சொல். ‘வாங்கும்போது கண்ணுக்குத் தெரியாமல், விற்பவரிடம் இருந்தபோதே இருந்த குறை பின்னால் தெரியவந்தால், வாங்கியவர் குதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தந்ததை மீட்டுக்கொள்ளலாம்’ என்று பொருள். இதில் எதை வெட்டுவது?”

“‘குறை உரிமை’ என்று எழுதினால் தீர்ந்தது” என்றார் பண்டிதர்.

“யாருக்கு உரிமை, ஐயா? நொண்டுவதற்குக் குதிரைக்கா?”

அரசருக்குப் பசி நேரம். “இரண்டு சொல்லுக்கு இரண்டு சொல்தான். நாளை மறுநாள் கப்பல் புறப்படுமுன் எழுதி வாரும். ஒரு சொல் கூடினாலும் நீர் நாட்டைவிட்டுப் போகவேண்டியது” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

சென்ற வருஷம் வாங்கிய குதிரைகளில் பாதி, வந்த மாதமே லாயத்தில் படுத்துவிட்டன. அப்போது இந்த வாசகம் ஒப்பந்தத்தில் இல்லை, திருப்பவும் வழியில்லை. யாருடைய நன்மைக்காக எழுதினாரோ அவரே ஊரைவிட்டுத் துரத்துகிறார்! கூத்தபிரான் தலையில் அடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் மூட்டையும் கையுமாகப் பண்டிதர் வீட்டு வாசலில் நின்றார். “நான் ஊரைவிட்டுப் போகிறவன். வழியில் குளிருக்கு உங்கள் சால்வையைக் கொடுத்தால், அரசர் தந்த இந்த வெண்பட்டுக் குடையைத் தருகிறேன்.”

அந்தக் குடைமேல் பண்டிதருக்கு வெகுநாளாகக் கண். விரித்துப் பார்த்தார், சுழற்றிப் பார்த்தார், சால்வையைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில் ஐப்பசி மழை கொட்டியது. சபை கூடியிருக்கும்போது பண்டிதர் சொட்டச் சொட்ட உள்ளே நுழைந்தார். குடையில் சோற்றுப் பசையால் ஒட்டியிருந்த துண்டு மழையில் கழன்று, தலையளவு ஓட்டை தெரிந்தது. அரசர் இருப்பதையும் மறந்து அவர் கத்தினார்:

“கொடுக்கும்போதே ஓட்டை இருந்திருக்கிறது! என் கண்ணில் படாமல் மறைத்துவிட்டீர்! இப்போதுதான் தெரிந்தது! உம் குடையை நீரே வைத்துக்கொள்ளும், என் சால்வையைத் திருப்பிக் கொடும்!”

கூத்தபிரான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். “பதினேழு. என்னைவிட இரண்டு அதிகம். அரசர் கட்டளை தெரியாதா, பண்டிதரே? இரண்டே சொல்லில் கேளும், சால்வையைத் தருகிறேன்.”

“இவ்வளவு அநியாயத்தை இரண்டு சொல்லில் எப்படி ஐயா சொல்வது?” என்று அலறினார் பண்டிதர்.

பண்டிதருக்கு அப்போதுதான் தம் வாயிலிருந்து வந்தது என்னவென்று உறைத்தது. முதலில் சிரித்தவர் அரசர். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“கியாருல் ஐப்! புரிந்தது, ஐயா, நன்றாகப் புரிந்தது! அந்தப் பதினைந்து சொல்லும் அப்படியே இருக்கட்டும்” என்று ஒப்பந்தத்தில் முத்திரை வைத்தார். கூத்தபிரான் குடையை வாங்கிக்கொண்டு சால்வையைத் திருப்பித் தந்தார்.

வந்த குதிரைகளில் ஒன்றை அரசர் அவருக்குப் பரிசாகக் கொடுத்தார். கூத்தபிரான் அதன் நாலு காலையும் தூக்கிப் பார்த்த பிறகுதான் வாங்கிக்கொண்டார்.