பூனையின் ஐந்தாவது வாதம்

தாமரைக் குளத்தின் வடகரையில் ஒரு பெருச்சாளி வளை தோண்டி வாழ்ந்தது. அதன் பெயர் தருக்கலிங்கம். வாதங்களை எடைபோடுவதில் அந்தக் காட்டில் அதற்கு நிகர் யாரும் இல்லை. அவ்வளவு படித்தவரை ‘அது’ என்று சொல்வது முறையல்ல. ஆகவே இனி ‘அவர்’ என்றே சொல்வோம்.

காட்டில் எந்தக் கேள்வி எழுந்தாலும் விலங்குகள் அவரிடம்தான் வரும்.

“கோடையில் மான்கள் தென்கரையில் தண்ணீர் குடிக்கலாமா?” என்று ஒரு முறை கேள்வி வந்தது.

“குடிக்கலாம். மான்கள் எவ்வளவு அழகு!” என்றது மயில்.

“வலுவற்ற வாதம்! அழகுக்கும் தாகத்துக்கும் என்ன தொடர்பு?” என்று கேட்டார் தருக்கலிங்கம்.

“குடிக்கக் கூடாது. தென்கரையில் சேறு ஆழம். குட்டிகள் புதைந்துவிடும்” என்றது நாரை.

“வலுவான வாதம்! கேள்வியைத் தொடுகிறது. அதிலும் முக்கியமான இடத்தைத் தொடுகிறது.”

மயிலின் முகம் சுருங்கியது. ஆனால் தீர்ப்பு சரிதான். தருக்கலிங்கத்தின் தீர்ப்பு எப்போதும் சரிதான். எங்கே நிறுத்த வேண்டும் என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை.

ஒரு நாள் அணில் ஓடி வந்தது. “அண்ணே, என் மகளுக்குக் கல்யாணம்! நீங்கள் அவசியம் வர வேண்டும்.”

“ஏன் வர வேண்டும்?”

“இது என்ன கேள்வி? எல்லோரும் வருகிறார்களே!”

“எல்லோரும் வருவது நான் வருவதற்குக் காரணம் ஆகாது. வலுவற்ற வாதம்!”

அணில் திரும்பிக்கொண்டது. “சரி அண்ணே, வராதீர்கள்” என்று சொல்லிவிட்டுப் போனது.

கடைசியாக மிஞ்சிய நண்பர் தேரைதான். அதுவும் ஒரு நாள் வந்து, “வெயில் கொளுத்துகிறதப்பா. உன் வளைக்குள் கொஞ்சம் உட்காரட்டுமா?” என்று கேட்டது.

“உட்கார விடுவதற்குக் காரணம்?”

“நாம் நண்பர்கள் இல்லையா?”

“உணர்ச்சியைக் கிளறுகிறாய். அது வலுவற்றது. வெயிலைப் பற்றிச் சொன்னாய் அல்லவா? அங்கிருந்து தொடங்கு. முதலில் வெயில், பிறகு உன் தோல், பிறகு...”

அவர் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் தேரை இல்லை.

அதன்பிறகு யாரும் வரவில்லை. வளைக்குள் இரண்டு பருவத்துக்குப் போதுமான நெல் இருந்தது. பேச்சுக்குத்தான் பஞ்சம். தருக்கலிங்கம் தானே கேள்வி கேட்டு, தானே வாதாடி, தானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டார். இரண்டு பக்கமும் அவரே என்பதால் வாதங்கள் எல்லாம் வலுவாகவே இருந்தன. ஒரு நாள் பெரிதாகத் தும்மினார். “நூறு ஆயுசு!” என்று சொல்ல ஆள் இல்லை. தும்மலுக்கும் ஆயுளுக்கும் தொடர்பில்லை, ஆகவே அது வலுவற்ற வாதம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆனாலும், யாராவது சொல்லியிருக்கலாம்.

இப்படி இருக்கையில் ஒரு மத்தியானம் வாசலில் ஒரு நிழல் விழுந்தது. காட்டுப்பூனை! வளையின் வாய் குறுகல். பூனையின் தலைகூட உள்ளே நுழையாது.

“ஐயா, வணக்கம்! கொஞ்சம் வெளியே வர முடியுமா?”

“நீ என்னைத் தின்ன வந்திருக்கிறாய்.”

“ஆமாம் ஐயா. பசிக்கிறதே, என்ன செய்வது! ஆனால் குளத்தில் தாமரை பூத்திருக்கிறது. பார்க்க வேண்டாமா?”

“தாமரை பூத்திருக்கட்டும். நான் உயிரோடு திரும்புவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. வலுவற்ற வாதம்!”

சொன்ன பிறகுதான் தருக்கலிங்கம் ஒன்றைக் கவனித்தார். தம் குரல் உற்சாகமாக ஒலிக்கிறது!

மறுநாளும் பூனை வந்தது. “முயல்கள் எல்லாம் என்னோடு உலாவ வருகின்றன, ஐயா.”

“பலர் செய்கிறார்கள் என்பது காரணம் ஆகாது. அடுத்தது!”

மூன்றாம் நாள், “வெளியே வராவிட்டால் உங்களைக் கோழை என்பார்கள்” என்றது.

“ஆளைப் பழித்தால் வாதம் வலுக்காது. அடுத்தது!”

நான்காம் நாள், “என் தாத்தாவும் உங்கள் தாத்தாவும் இதே கரையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்” என்றது.

“அன்று நடந்தது என்பதால் இன்றும் நடக்க வேண்டும் என்று ஆகாது. இதோ பார் தம்பி, நீ புத்திசாலிதான். ஆனால் கேள்வியைச் சுற்றிச் சுற்றி வருகிறாய். எனக்கு எது முக்கியம்? என் உயிர். அதைத் தொட்டுப் பேசு.”

“தொட்டுப் பேசினால் போதுமா ஐயா? நான் சொல்லும் செய்தி உண்மைதான் என்று காட்ட வேண்டாமா?”

“வேண்டாம், வேண்டாம்! சொன்ன செய்தியை உண்மை என்றே வைத்துக்கொள்வேன். காரணம் கேள்விக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. ஊர் ஊராகப் போய் விசாரிப்பது என் வேலை அல்ல.”

பூனை தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டுக்கொண்டது. “மிக்க நன்றி, ஐயா” என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனது.

ஐந்தாம் நாள் தருக்கலிங்கம் விடிந்ததுமே வாசலை வாலால் கூட்டிச் சுத்தம் செய்தார். பூனை வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. சருகு அசைந்தபோதெல்லாம் மூக்கை நீட்டிப் பார்த்தார். தம்மைத் தின்ன வருகிறவன் வரவில்லையே என்று யாராவது ஏங்குவார்களா? ஏங்கினார். ஏழாம் நாள் நெல்லைக்கூடத் தொடவில்லை.

எட்டாம் நாள் மத்தியானம் அந்த நிழல் மறுபடி விழுந்தது.

“எங்கே போய்விட்டாய்?” என்று கத்தியேவிட்டார்.

பூனை வாயை இறுக்கி வைத்துக்கொண்டு, குழறிக் குழறிப் பேசியது. “ஆமையைக் கடித்துவிட்டேன், ஐயா. ஓடு கல்லாட்டம் இருந்தது. பல் எல்லாம் போய்விட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை.”

“அடடா!”

“இப்போது என் வாதத்தைக் கேளுங்கள். நீங்கள் வெளியே வரலாமா? வரலாம். ஏனென்றால் உங்களுக்கு இருந்த ஆபத்து என் பல்தான். அது இல்லை, ஆகவே ஆபத்தும் இல்லை. தவிர, நீங்களும் தனியாக இருக்கிறீர்கள், நானும் தனியாக இருக்கிறேன்.”

தருக்கலிங்கம் எடைபோட்டார். கேள்வியைத் தொடுகிறது. உயிரைத் தொடுகிறது, ஆகவே முக்கியமானது. பூனைக்கு நகம் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். நகத்தைப் பற்றி வாதத்தில் எதுவும் வரவில்லை. சொல்லாத ஒன்றை நாமாகச் சேர்த்துக்கொள்வதை அவர் பெரிய பிழை என்று கருதுகிறவர்.

“வாயைத் திற, பார்க்கலாம்.” இந்த வார்த்தைகள் அவருடைய நாக்கு நுனிவரை வந்தன. அவற்றைச் சொல்ல ஒரு நொடி போதும். ஆனால், திறந்த வாயில் பல் இருந்துவிட்டால்? நாளை மத்தியானம் இந்த வாசலில் யார் வந்து உட்காருவார்கள்?

அவர் அந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டார்.

“வலுவான வாதம்!” என்று கூவினார். “தம்பி, அருமை! கொஞ்சம் தள்ளி உட்கார். எனக்கும் இடம் விடு.”

பூனை தள்ளி உட்கார்ந்தது. தருக்கலிங்கம் மீசையை நீவிவிட்டுக்கொண்டு வெளியே வந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர் முதுகில் வெயில் பட்டது. தாமரை உண்மையிலேயே பூத்திருந்தது. அதை ஒரு முறை பார்த்தார்.

பூனையின் வாயில் எல்லாப் பற்களும் இருந்தன.

மறுநாள் மத்தியானம் பூனை பழக்க தோஷத்தால் மறுபடியும் வடகரைக்கு வந்தது. வளை வாசலில் உட்கார்ந்தது. “ஐயா, புதிதாக ஒன்று யோசித்திருக்கிறேன்” என்று தொடங்கியது. பிறகுதான் நினைவு வந்தது. உள்ளிருந்து பிழை சொல்ல யாரும் இல்லை. பூனை எழுந்து போனது.

ஒரு வாதம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் அதைத் தாங்கும் செய்தி உண்மைதானா என்று ஒரு முறை பார்க்க வேண்டும். அது உண்மையாக இருக்கக் கூடாதா என்று நம் மனமே ஏங்கும்போது இரண்டு முறை பார்க்க வேண்டும்.