பாட்டு கட்டிய சில்வண்டு

அந்தக் காலத்தில், வண்டும் விலங்கும் மனுசரோடு வாயாடிக்கொண்டிருந்தபோது, வெள்ளச்சி என்றொருத்தி தினமும் காட்டுப் பாதையில் தனியாக நடப்பாள். மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் பிள்ளை பெற்றுப் பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பச்சை உடம்புக்காரிக்குக் கிழங்கும் தேனும் கொண்டுபோக வேறு ஆளில்லை.

"தனியா நடக்க நெஞ்சு படபடங்குது" என்று அவள் முனகியதைச் சில்வண்டு கேட்டு இரக்கப்பட்டது. கெட்ட வண்டு இல்லை அது, பாட்டுக் கிறுக்கு பிடித்த வண்டு.

"நீ நட அக்கா. பாதை முழுக்கப் பாட்டுக் கட்டித் தர்றேன்" என்றது.

கட்டியும் விட்டது! நாவல் மரத்தடியில் காட்டுச்சேவல் ஓர் அடி எடுத்துக் கொடுக்கும். மூங்கில் புதரில் காற்று அதைத் திரும்பச் சொல்லும். ஓடையில் தவளைகள் தாளம் போடும். எல்லாவற்றுக்கும் மேலே சில்வண்டின் குரல். வெள்ளச்சி பயம் மறந்து சிரித்துக்கொண்டே நடந்தாள்.

மான் சாதிக் கேளையாடு மட்டும் பாட்டைக் கெடுத்தது. புலி வாடை அடித்தால் போதும், நாய் மாதிரி குரைக்கும். சில்வண்டுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன தொண்டை இது! பாட்டு முடியிற வரைக்கும் வாயைத் திறக்காதே."

"புலி வந்தா?"

"முடிஞ்சதும் சொல்லு."

இப்படியும் ஒரு பேச்சு உண்டா! கேளையாடும் ரோஷப்பட்டு, "எனக்கென்ன வந்துச்சு" என்று வாயை மூடிக்கொண்டது.

மறுநாள் பாட்டு அப்படி ஓர் அழகு. வெள்ளச்சி கண்ணை மூடி நின்றுவிட்டாள். பின்னால் சருகு நொறுங்கியது அவளுக்குக் கேட்கவில்லை. கடைசி அடியை முடித்த சில்வண்டு, "எப்படி இருந்துச்சு அக்கா?" என்றது.

கீழே எட்டிப் பார்த்தது. கிழங்குக் கூடை கவிழ்ந்து கிடந்தது. சருகெல்லாம் ரத்தம். புதருக்குள் இழுத்துப்போன தடம்.

காடே விறைத்துப்போனது. "ஐயோ, கேட்டேனே! புலி வந்தா என்னன்னு கேட்டேனே!" என்று கேளையாடு கதறியது. சில்வண்டுக்குக் குரலே எழவில்லை. மலைக்கு அந்தப் பக்கம் மகள் பிள்ளையை ஏந்திக்கொண்டு பாதையையே பார்த்து நின்றாள்.

அன்றைக்கு அடைத்த தொண்டைதான். இன்றும் காடு அதிரக் கத்தும் சில்வண்டு, மனுசக் காலடி கிட்டே வந்ததும் சட்டென்று நிறுத்திக்கொள்கிறது. நம்மைக் கண்டு பயந்து என்று நினைத்துவிடாதீர்கள். பின்னால் என்ன வருகிறது என்று நம்மைக் காது கொடுத்துக் கேட்கச் சொல்கிறது.