மடிக்குள் புகுந்த ஓங்கில்

கூர்மூக்கனின் மூக்கு வலைக்கண்ணில் சிக்கிவிட்டது. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. சுற்றிலும் சாளை மீன்கள் நெருக்கின.

கூர்மூக்கன் ஓர் ஓங்கில். டவுன்காரர்கள் டால்பின் என்பார்கள். பார்க்க மீன் மாதிரி இருந்தாலும், தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விட்டால்தான் அவனுக்கு உயிர்.

கரைவலையைக் கரையில் நின்று, இரண்டு பக்கமும் கயிறு பிடித்து இழுப்பார்கள். வலையின் கடைசியில் பை மாதிரி ஒரு மடி இருக்கும். கரை நெருங்க நெருங்க மீனெல்லாம் அதற்குள் சேர்ந்துவிடும். இதைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கூர்மூக்கன் மீன் துரத்துவதையே விட்டுவிட்டான். மடியைக் கடித்துக் கிழிப்பான், நுழைவான், தின்பான், ஓடிவிடுவான். கரைக்குப் பக்கத்தில் மீன் அதிகம் என்பதால் தினமும் இன்னும் கொஞ்சம் பொறுத்துத்தான் நுழைவான். இன்று பொறுத்தது ரொம்ப அதிகம். வயிறு மணலில் தட்டிவிட்டது.

பக்கத்தில் நசுங்கிக்கொண்டிருந்த ஒரு சாளைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "சாப்பிட வந்தீங்களா? வாங்க, எல்லாரும் ஒரே கூடைக்குத்தான்."

அலை வந்தால் கூர்மூக்கன் முழுசாக மூழ்கினான். அலை விலகினால் தலை வெளியே தெரிந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் மூச்சு விடலாம், இல்லையென்றால் பேசலாம். இரண்டையும் செய்ய நேரமில்லை.

இவன் வலை இழுத்தவர்களைப் பார்த்துப் பேசினான்.

"கடல் என்ன உங்க அப்பன் வீட்டுதா?"

அலை வந்து மூடியது. முட்டாள்!

வலைக்காரர் கித்தேரியான் இடுப்பளவு தண்ணீரில் நின்றார். இந்த வாரம் மட்டும் மூன்று தடவை மடியைத் தைத்தவர். அவருக்கு இரக்கமெல்லாம் வரவில்லை. "கடல் உன்னுதும்தாம்ல. வலை என்னுது. விடிஞ்சதுல இருந்து பதினெட்டுப் பேரு இழுத்திருக்கானுவ."

துடுப்பால் ஒரு போடு போடலாம் என்றான் ஒருத்தன். இது செத்தால் வனத்துறைக்காரர்கள் வந்து ஒரு வாரம் குடைவார்கள் என்றான் இன்னொருத்தன். மடியை அவிழ்த்தால் மீனும் சேர்ந்து போய்விடுமே என்றார்கள் மற்றவர்கள். இவர்கள் பேசி முடிப்பதற்குள் நாலு அலை வந்து போனது. ஒவ்வொரு தடவையும் மூச்சு விடாமல் எதிர்த்துக் கத்திய கூர்மூக்கனுக்குக் கண் இருட்டியது.

அடுத்த அலை விலகியபோது சண்டை போட அவனிடம் காற்று மிச்சமில்லை.

"அண்ணாச்சி... மூச்சு."

கித்தேரியான் இழுத்துக் களைத்த பதினெட்டுப் பேரையும் ஒரு தடவை பார்த்தார். இன்றைய பாடு போச்சு என்று திட்டினார். திட்டிக்கொண்டே மடியின் முடிச்சை அவிழ்த்தார். மூக்கைச் சுற்றியிருந்த வலையைக் கத்தியால் அறுத்தார். நாலு பேர் சேர்ந்து அவனை ஆழத்துக்குத் தள்ளிவிட்டார்கள்.

பின்னாலேயே மீன் கொட்டியது. ஆயிரக்கணக்கில் சாளை, கூர்மூக்கனின் வாயை உரசிக்கொண்டு போனது.

தூரத்தில் நின்று வேடிக்கை பார்த்த அவன் கூட்டாளி துள்ளிக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டு கடி கடித்து முழுங்கிவிட்டு, இவ்வளவு மீன் சும்மா வருகிறதே, வாயைத் திறந்து தின்னுடா என்று கத்தினான்.

கூர்மூக்கன் வாயைத் திறக்கவில்லை. மேலே மிதந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே இருந்தான்.

அடுத்தவர் பாடுபட்டுச் சேர்த்ததில் வயிற்றை நிரப்பப் போகிறவன், கடைசியில் தன் மூச்சுக்கும் அவரிடமே கெஞ்ச வேண்டியிருக்கும்.